பைன் மரம் வெட்டியவனின் ஓட்டு

இளவட்ட வயதில் அடுத்தவன் நிலத்தில் பைன் மரம் வெட்டி விற்றதற்காக ஹோசியாவின் ஓட்டு பறிபோனது. அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலத்தில் மரத் திருடனுக்கு ஆயுசுக்கும் ஓட்டு கிடையாது. போதைப் பவுடர் விற்று ஜெயிலுக்குப் போன அவன் மச்சான் ஜுனியஸுக்கு உண்டு. ஓட்டுப் போட்டதற்குத் தரும் ஸ்டிக்கரைச் சட்டையில் ஒட்டிக்கொண்டு இவன் எதிரில் வந்து உட்காருவான்.

"திருடுறதயும் யோசிச்சுத் திருடணும் மச்சான். மரமா கெடச்சுது ஒனக்கு?"

போன ஓட்டு திரும்ப வேண்டுமென்றால் சட்டசபையில் அவன் பேருக்கென்றே தனி மசோதா வரவேண்டும். அதற்காக உறுப்பினர் வார்டெல் வீட்டு வாசலில் வருஷக்கணக்கில் நாயாகக் கிடந்தான். அவருடைய பன்றிகளுக்கு வேலி போட்டான், படகுக்குப் பெயின்ட் அடித்தான். இந்த வருஷம் அவசரம் வேறு. மகள் ஆர்லீன் மாவட்ட மன்றத் தேர்தலில் நிற்கிறாள். அவளுக்குத் தன் கையால் ஒரு ஓட்டுப் போட வேண்டும். வேறு ஆசை இல்லை.

கூட்டத்தொடர் முடிந்தது. மசோதா வரவில்லை.

"என்னைய ஏன்யா மொறைக்கிற?" என்றார் வார்டெல். "எழுதித் தயாராத்தான் வச்சிருந்தேன். ஒம் மகதான் போன் போட்டு நிறுத்தச் சொல்லிச்சு. அப்பன் திருடன்னு பேப்பர்ல வந்தா இருக்கிற ஓட்டும் போயிருமாம்."

ஆர்லீன் மறுக்கவில்லை. நோட்டீஸ் மடித்த கையையும் நிறுத்தவில்லை.

"ஒங்க ஒரு ஓட்டுக்காக நான் ஊர் ஓட்ட விடணுமாப்பா? இத்தன வருஷம் இல்லாமத்தான இருந்தீங்க. தேர்தலன்னிக்கு சர்ச் வேன்ல நம்ம கெழடுகளப் பூத்துக்குக் கூட்டிட்டு வாங்க, போதும்."

"சரிம்மா" என்றான். படித்தவர்களிடம் வேறென்ன சொல்வது?

தேர்தலன்று சாயங்காலம் வரை ஒழுங்காகத்தான் ஓட்டினான். கடைசி நடையில், பருத்திக் காட்டு நடுவில் வேனை ஓரங்கட்டி அணைத்தான். பானட்டைத் திறந்து வைத்துக்கொண்டு சும்மா நின்றான். ஆகஸ்ட் வெயில் இறங்கவே இல்லை.

"என்னடா ஆச்சு?" என்றாள் வேனுக்குள்ளிருந்து கிழவி செனோபியா. அந்தக் காலத்தில் கறுப்பருக்கு ஓட்டா என்று, பேர் பதியப் போன அவள் வீட்டை வெள்ளைக்காரன் கொளுத்தினான். அதற்குப் பிறகு ஒரு தேர்தலையும் விட்டவளில்லை.

"படுத்துருச்சுக்கா."

"பூத்த மூடிருவான்டா. எறக்கி விடு, நடந்து போறேன்."

"இந்தக் கால வச்சுக்கிட்டா?"

அவள் அவன் மூஞ்சியையே பார்த்தாள். "வண்டி நல்லாத்தான்டா இருக்கு."

"ஒரு தடவ போடாட்டி செத்தா போயிருவீங்க? நான் செத்தா போயிட்டேன்?"

பின் சீட்டுக் கிழவர் ஒருவர் அழ ஆரம்பித்தார். ஹோசியா அவித்த வேர்க்கடலையை உரித்துத் தின்றான். பூத் மூடும் நேரம் தாண்டிய பிறகுதான் சாவியைத் திருகினான்.

ஆர்லீன் எப்படியும் ஜெயித்தாள். நல்ல வித்தியாசத்தில்தான். அடுத்த தேர்தல் வரை செனோபியா இருக்கவில்லை.