எச்சில் தொடாத முடிச்சு

“கட்டிக் கொடு, லின்” என்று தூண்டிலின் தங்கூஸ் நரம்பு நுனியையும், முள்ளில் முடியும் நூலும் சுற்றிச் செய்த பொய் ஈயையும் நீட்டினான் டாரல்.

லினியா வாங்கிக்கொண்டாள். நாற்பது தாண்டியதிலிருந்து அவள் புருஷனுக்குக் கிட்டத்துப் பார்வை போய்விட்டது. மூக்குக்கண்ணாடி சட்டைப்பையில்தான் இருக்கும். மலையில் கண்ணாடி மாட்டுகிறவன் கிழவன் என்பது அவன் கட்சி. அதனால் ஒவ்வொரு ஆகஸ்டிலும் பேர்டூத் மலையேறி இந்த ஏரிக்கு வந்ததும், முள்ளின் துளையில் நரம்பைக் கோத்து முடிச்சுப் போட்டுத் தருவது அவள் வேலை. பல் டாக்டரிடம் உதவியாளராக இருக்கிறவள். அவள் கை நடுங்கி யாரும் பார்த்ததில்லை. கோத்தாள். நரம்பின் மேல் நரம்பைச் சுற்றினாள். நுனியை மடக்கி வளையத்துக்குள் நுழைத்தாள். இனி முடிச்சை உதட்டருகே கொண்டுபோய் நாக்கால் நனைத்து, அதற்குப் பிறகுதான் இறுக்க வேண்டும். காய்ந்த நரம்பை அப்படியே இறுக்கினால் உரசலில் தன்னைத்தானே சுட்டுக்கொள்ளும். பார்வைக்கு அதே முடிச்சுதான். பாதி பலம் போயிருக்கும். சின்ன மீனைத் தாங்கும். பெரியது இழுத்தால் கைவிரித்துவிடும்.

லினியாவின் நாக்கு பல்லுக்குப் பின்னாலேயே இருந்தது. உலர்ந்த உதட்டோடு சுருக்கென்று இழுத்தாள். விரல்நுனியில் ஒரு சூடு தெரிந்தது. அதைப் போல இதமான சூட்டை அவள் இந்த வருடத்தில் அனுபவித்ததில்லை.

“இந்தா.”

“நீ இல்லேன்னா நான் கடையில ஐஸ் பெட்டி முன்னாடி நின்னுதான் மீன் பிடிக்கணும்” என்று சிரித்துக்கொண்டே டாரல் பாறைமேல் ஏறினான்.

சிரி ராசா, சிரி என்று நினைத்துக்கொண்டாள்.

நேற்று மாலை வரை அவளும் சிரித்துக்கொண்டுதான் இருந்தாள். கூடாரம் அடித்தாயிற்று. கரடிக்கு எட்டாமல் சாப்பாட்டு மூட்டையைக் கட்டித் தொங்கவிட வேண்டும். கயிற்றை எடுத்துக்கொண்டு, பாறைக்குப் பின்னால் வலப்பக்கம் நிற்கிற ஊசியிலை மரத்தடிக்குப் போனாள். வீசிய கயிறு கிளையை அசைக்க, தலைக்கு மேலே என்னவோ செம்பட்டையாக மினுங்கியது. பூச்சி என்று நினைத்தாள். எட்டிக் கிளையை வளைத்துப் பார்த்தால், ஈ. தூண்டில் ஈ. முள்ளில் லேசாகத் துரு. உடம்பில் செம்பட்டை முடி, கழுத்தில் பச்சை நூல்.

அந்த முடி வேஃபிளுடையது. பனிக்காலத்தில் செத்துப்போன அவர்கள் நாய். கடைசியாக அதைச் சீவிவிட்ட சீப்பில் இருந்த முடியை எறிய மனசு வராமல் எடுத்து வைத்து, பிப்ரவரி முழுக்கச் சமையலறை விளக்கடியில் உட்கார்ந்து ஒரு டஜன் ஈ கட்டினாள். மே மாதம் டாரலின் பிறந்த நாளுக்குப் பரிசாகக் கொடுத்தாள். உலகத்திலேயே மொத்தம் அவ்வளவுதான். தனக்கென்று ஒன்றுகூட வைத்துக்கொள்ளவில்லை. அவன் டப்பியைத் திறந்து பார்த்துக் கண் கலங்கினான். கலங்கியது நிஜம்தான். அதுதான் அவனிடம் கஷ்டம், எல்லாமே அந்தந்த நேரத்துக்கு நிஜம்.

போன ஆகஸ்டுக்குப் பிறகு இருவரும் இங்கே வருவது இப்போதுதான். பிப்ரவரியில் பிறந்த ஈ மரத்துக்கு எப்படி வந்தது? பறந்தா? ஜூலையில் டாரல் நாலு நாள் வீட்டில் இல்லை. அவன் உயர்நிலைப் பள்ளியில் துணை முதல்வர். பில்லிங்ஸ் நகரத்தில் ஆசிரியர்களுக்குப் பயிற்சி முகாம் என்று சொல்லிவிட்டுப் போனான். மூக்கு மட்டும் வெயிலில் தோலுரிந்து திரும்பினான். வகுப்பறைக்குள் உட்கார்ந்தவனுக்கு மூக்கு உரியுமா என்று அப்போதே கேட்டிருக்க வேண்டும். இன்னொன்றும் இருந்தது. டாரல் இடது கைக்காரன். அந்தப் பாறையில் நின்று அவன் கோலைப் பின்னால் ஓங்கினால் நரம்பு வெட்டவெளியில்தான் போகும், ஜென்மத்துக்கும் அந்த மரத்தில் மாட்டாது. வலது கைக்காரர்கள் வீசினால் மாட்டும். அதுவும், பின்னால் என்ன இருக்கிறது என்று திரும்பிப் பார்க்கத் தெரியாத புதுக் கை.

பெண் என்று கண்டுபிடிக்கத் துப்பறியும் மூளை வேண்டியிருக்கவில்லை. ஆண் நண்பனைக் கூட்டி வந்திருந்தால் பயிற்சி முகாம் எதற்கு?

அவள் அழவில்லை. ஒருத்தியைக் கூட்டிக்கொண்டு போக மொன்டானாவில் மோட்டலுக்கா பஞ்சம்? எங்கேயாவது போய்த் தொலைந்திருக்கலாம். இங்கேயா? வரைபடத்தில் பெயர்கூட இல்லாத ஏரி இது. கண்டுபிடித்தவன் அவள் அண்ணன் நெல்ஸ். கீழேயிருந்து எந்தக் கோணத்தில் பார்த்தாலும் தெரியாது, அலமாரிக்குள் வைத்துப் பூட்டிய மாதிரி என்று ‘அலமாரி’ எனப் பெயர் வைத்தான். மரம் வெட்டும் இடத்தில் அவன் செத்த வருடம், சாம்பலை இதே பாறையிலிருந்துதான் தண்ணீரில் கொட்டினார்கள். “நம்ம ரெண்டு பேரைத் தவிர இன்னொரு ஆள் கால் இங்க படாது” என்று டாரல் தொப்பியைக் கழற்றி நெஞ்சில் வைத்துச் சத்தியம் செய்தான். யாரும் கேட்காத சத்தியம். தானாகச் செய்தது.

அப்படிப்பட்டவனை நேற்றே சட்டையைப் பிடித்து உலுக்கியிருக்கலாம். லினியா செய்யவில்லை. டாரல் வாயால் பிழைக்கிறவன். கோபத்தோடு அவன் அறைக்குள் போகிற பெற்றோர், மன்னிப்புக் கேட்டுவிட்டு வெளியே வருவார்கள். வீட்டிலும் அதே கதைதான். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, அவள் கையை இரண்டு கைக்குள்ளும் வைத்துக்கொண்டு பேச ஆரம்பித்தானானால், காப்பி ஆறுவதற்குள் தப்பு அவளுடையது ஆகியிருக்கும். ஊர் போய்ச் சேர்ந்தால் இந்தத் தடவையும் அவன் பேச்சுதான் ஜெயிக்கும். இங்கே, அவளில்லாமல் ஒரு முடிச்சுக்கூடப் போட முடியாத இடத்தில், அவன் செய்ததை அவன் கண்ணாலேயே பார்க்க வைக்க வேண்டும். இன்றைக்கே. அதற்கு முன்னால் கொஞ்சம் வலிக்கவும் வைக்க வேண்டும்.

ஏரி இறங்கி ஆழமாகும் விளிம்பில் கருநீலமாக ஒரு கோடு. அங்கே வந்து விழுந்தது ஈ. டாரல் வீசினால் அழகாகத்தான் வீசுவான், அதில் குறை சொல்ல முடியாது. மூன்றாவது வீச்சில் தண்ணீர் கொதித்தது.

“லின்! லின்! பாதிரியார்டி! பாதிரியாரேதான்!”

கழுத்தில் பாதிரியாரின் வெள்ளைப் பட்டை மாதிரித் தழும்பு உள்ள கிழட்டு ட்ரவுட் மீனுக்கு நெல்ஸ் வைத்த பெயர் அது. நெல்ஸுக்கு மாட்டாதது. டாரல் வருடம் முழுக்கக் கனவு கண்டு, தூக்கத்தில்கூட உளறுவது. கோல் வில்லாக வளைந்தது. நரம்பு சுற்றிய உருளை கிறீச்சிட்டது. டாரலின் முகத்தில் பத்து வயது குறைந்தது. மீன் ஒருமுறை முழு உடம்பையும் காட்டித் துள்ளியது. கழுத்தில் அந்த வெள்ளை. பிறகு தலையைக் கவிழ்த்து ஆழத்துக்கு ஒரே இழுப்பு.

கோல் சட்டென்று நிமிர்ந்தது.

டாரல் மெல்ல நரம்பைச் சுருட்டி, நுனியைக் கையில் பிடித்துக்கொண்டு அவளிடம் வந்தான். நுனி பன்றிவால் மாதிரிச் சுருண்டிருந்தது. அறுந்த நரம்பு அப்படிச் சுருளாது. அவிழ்ந்த முடிச்சுதான் அப்படிச் சுருளும். மீன் பிடிக்கிற எந்தச் சின்னப் பையனைக் கேட்டாலும் சொல்வான். டாரல் அதைக் கை நீளத்துக்குத் தள்ளிப் பிடித்து, கண்ணைச் சுருக்கிப் பார்த்தான். ஒன்றும் தெரியவில்லை.

“பாறையில உரசிருச்சு போல” என்றான்.

“இருக்கும்” என்றாள் லினியா.

அவன் குழந்தை மாதிரி மூக்கை உறிஞ்சினான். அவளுக்கு நாக்கில் மிட்டாய் கரைந்த மாதிரி இருந்தது. கரைந்து முடிந்ததும் மீனின் ஞாபகம் வந்தது. உதட்டில் முள்ளோடு அது எங்கோ ஆழத்தில் தலையை உதறிக்கொண்டிருக்கும். நுனியில் எதிர்முள் இல்லாத தூண்டில் முள்தான், இரண்டொரு நாளில் தானாக விழுந்துவிடும். ஆனாலும் நெல்ஸ் பார்த்திருந்தால் காறித் துப்பியிருப்பான். ‘உங்க சண்டைக்கு மீனா கெடைச்சுது?’ என்று கேட்டிருப்பான். மன்னிச்சுக்கோ பாதிரியாரே என்று மனசுக்குள் சொன்னாள். கரையில் நிற்கிறவனுக்கு மன்னிப்பு கிடையாது.

“இன்னொண்ணு கட்டு. ஒண்ணாவது தொட்டுட்டுப் போறேன்.”

“டப்பியை மூடு. என்கிட்டயே ஒண்ணு இருக்கு.”

மேல்சட்டைப் பையிலிருந்து அந்தத் துருப்பிடித்த ஈயை எடுத்தாள். கோத்தாள். சுற்றினாள். நுழைத்தாள். முடிச்சை வாய்க்குள்ளேயே வைத்து நாக்கால் நன்றாக உருட்டி நனைத்தாள். பல்லில் துரு கரித்தது. மெதுவாக, கனிவாக, பாம்பு சுருள்வது போல ஒவ்வொரு சுற்றும் அதனதன் இடத்தில் உட்காரும்படி இறுக்கினாள். கல்யாணமான நாளிலிருந்து அவள் போட்டதிலேயே நல்ல முடிச்சு அதுதான். இது எதற்கும் அவிழாது.

“என்ன ஈ இது?” டாரல் அதைத் தூக்கிப் பிடித்துப் பார்த்தான். செம்பட்டையாக ஒரு மங்கல், அவ்வளவுதான் தெரிந்திருக்கும்.

“போட்டுப் பாரு. ஏற்கெனவே இந்த ஏரியைப் பாத்த ஈதான்.”

அவன் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

ரொம்ப நேரம் ஒன்றும் தொடவில்லை. வெயில் ஏறி எதிர்ச் சரிவில் பனித்திட்டுகள் உருகி ஒழுகும் சத்தம் கேட்டது. கடைசியில் மாட்டியது உள்ளங்கை நீளக் குட்டி. டாரல் வாய்விட்டுச் சிரித்தான். “பாதிரியார் கோவில் மணி அடிக்கிற பயலை அனுப்பியிருக்கார்.” தண்ணீரோரம் மண்டியிட்டு மீனைப் பிடித்துக்கொண்டான். “லின், முழுங்கிட்டான் படவா. முள்ளு உள்ள போயிருச்சு, எனக்குத் தெரியல. வந்து கழட்டி விடேன்.”

“கண்ணாடியைப் போடு.”

“கேலி பண்ணாதே. மீன் செத்துடும்.”

“அதான் சொல்றேன். தண்ணிக்குள்ளயே வெச்சுக்கோ, கையை எடுக்காதே.”

அவளே அருகில் போய்க் குனிந்தாள். அவன் சட்டைப்பையிலிருந்து கண்ணாடியை உருவி, அதன் இரண்டு காதுக்கம்பிகளையும் விரித்து, தோலுரிந்து ஆறிய அந்த மூக்கின் மேல் மாட்டிவிட்டாள். சிகிச்சை நாற்காலியில் படுத்திருப்பவருக்கு விளக்கைத் திருப்பிவிடுகிற அதே பக்குவம்.

“இப்ப பாரு.”

பார்த்தான். மீன் வாயைத் திறந்து திறந்து மூடியது. உள்ளே செம்பட்டை முடி, பச்சை நூல், துரு. டாரல் மெல்லத் திரும்பிப் பாறையைப் பார்த்தான். பாறைக்குப் பின்னால் மரத்தைப் பார்த்தான். அந்தக் கிளையைப் பார்த்தான். அவள் ஒரு வார்த்தை சொல்ல வேண்டியிருக்கவில்லை.

முழு ஊரையும் வாயால் வளைக்கிறவன் வாயைத் திறந்தான். வந்தது இதுதான்:

“அவளுக்கு ஒரு மீன்கூட மாட்டலை, லின்.”

லினியா அவனையே பார்த்தாள். ஆறுதல் சொல்கிறானாம். ஏரியை எச்சில் படுத்தவில்லை, வந்தவள் வெறுங்கையோடுதான் போனாள் என்கிறான். உலகத்தில் வேறு எந்தப் புருஷனுக்கும் இந்தச் சமயத்தில் இந்த வார்த்தை தோன்றியிருக்காது.

“அது வேஃபிள் முடி, டாரல்.”

“தெரியும்.”

“அவகிட்ட என்ன சொன்னே? இதை யாரு கட்டினதுன்னு சொன்னே?”

 மீன் அவன் கைக்குள் ஒரு துடிப்புத் துடித்தது.

“சொல்லு.”

“...நான் கட்டினேன்னு.”

லினியாவுக்குச் சிரிப்பு வந்தது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். ஏரி அதை வாங்கி எதிர்ப் பாறையில் அடித்துத் திருப்பிக் கொடுத்தது. “நீயா! முள்ளுல துளை எந்தப் பக்கம் இருக்குன்னு தெரியாத குருட்டுப் பயலே, நீயா! அவளும் நம்பினாளா? உனக்கேத்த அறிவாளியாத்தான் பாத்திருக்கே!”

“லின், கொஞ்சம் உக்காரு. நான் சொல்றதைக் கேளு. இது நீ நெனைக்கிற மாதிரி...”

“மீனை விடு முதல்ல. நீ பேசி முடிக்கிற வரைக்கும் அது உயிரோட இருக்காது.”

அவள் உதவவில்லை. கைகட்டி நின்றாள். கண்ணாடி வழியாகக் கழுத்தை முன்னுக்கும் பின்னுக்கும் ஆட்டி, தடித்த விரல்களால் அந்தச் சின்ன வாய்க்குள் துழாவி, முள்ளை அவன் வெளியே எடுப்பதற்குள் வியர்த்துவிட்டது. மீன் ஒரு பக்கமாகச் சாய்ந்து மிதந்தது. வாலை அசைத்து, நிமிர்ந்து, போய்விட்டது. நரம்பை வெட்டி, ஈரமான ஈயை என்ன செய்வதென்று தெரியாமல் அவன் தன் தொப்பியில் குத்திக்கொண்டான்.

நேரமாகிவிட்டிருந்தது. அலமாரிக்கு வருகிறவர்கள் வெயில் ஏறுமுன், கீழே வழியை மறிக்கிற ஆற்றைத் தாண்டித் திரும்பிவிட வேண்டும். பகலில் மேலே பனி உருக உருக, காலையில் முழங்கால் நனைத்த ஆறு இடுப்பைக் கேட்கும். அதற்கு நெல்ஸ் வைத்த அடையாளம் நடு ஆற்றில் குதிரைத்தலை மாதிரி நீட்டிக்கொண்டிருக்கும் கல். கழுத்து காய்ந்திருந்தால் இறங்கலாம். தாடையில் தண்ணீர் தொட்டால் இறங்காதே, மறுநாள் காலை வரை காத்திரு.

மூட்டை கட்டி இறங்கிய வழி முழுக்க டாரல் பின்னாலேயே பேசிக்கொண்டு வந்தான். லினியா திரும்பவே இல்லை. ஆற்றங்கரைக்கு வந்தபோது குதிரையின் கழுத்தில் பாதி நனைந்திருந்தது. வழக்கமாக இருவரும் சேர்ந்துதான் இறங்குவார்கள். ஊன்றுகோலோடு அவள் முன்னால், அவள் முதுகுமூட்டையைப் பிடித்துக்கொண்டு அவன் பின்னால். தண்ணீரில் கால் வைக்குமுன் வருடா வருடம் அவள் சொல்கிற வார்த்தை ஒன்று உண்டு: “இடுப்புப் பட்டையைக் கழட்டு.” விழுந்தால் மூட்டையை உதறிவிட்டு நீந்தலாம். பட்டை மாட்டியிருந்தால் மூட்டையே ஆளைக் கவிழ்த்து அமுக்கிவிடும். அவனுக்கு ஒரு வருடமாவது அது தானாக ஞாபகம் வந்ததில்லை.

லினியா தன் பட்டையைக் கழற்றினாள். கோலை ஊன்றினாள். அவன் எட்டிப் பிடிப்பதற்குள் இறங்கிவிட்டாள். பனித்தண்ணீர் தொடையை அறுத்தது. அடியில் கற்கள் உருண்டன. எதிர்க்கரை ஏறித் திரும்பிப் பார்த்தபோது மூச்சு இரைத்தது. கூடாரம் அவள் முதுகில். வண்டிச்சாவி அவள் பையில். ஊன்றுகோல் அவள் கையில்.

அக்கரையில் டாரல் நின்றான். கையை நீட்டியிருந்தான். கோலுக்கா, அவளுக்கா தெரியவில்லை. என்னவோ கத்தினான், ஆறு அதைத் தின்றுவிட்டது. இடுப்பில் பட்டை இறுக்கமாக மாட்டியபடி இருந்தது. தொப்பியில் செம்பட்டையாக ஒரு புள்ளி. கண்ணாடியை இன்னும் அவன் கழற்றவில்லை. வெயில் அதில் பட்டு இரண்டு வெள்ளை வட்டங்களாகத் தெரிந்தது. அந்த வட்டங்கள் அவளைப் பார்த்தன, ஆற்றைப் பார்த்தன, திரும்ப அவளைப் பார்த்தன. ஒரு காலைத் தண்ணீருக்குள் வைத்தான்.

குதிரையின் தாடையை ஒரு அலை தொட்டுவிட்டுப் போனது. அடுத்தது போகவில்லை, அங்கேயே நின்றது.

வருடா வருடம் சொல்கிற அந்த வார்த்தை இன்னும் வாய்க்குள்ளேயே இருந்தது; லினியா உதட்டை நாக்கால் நனைத்துக்கொண்டாள்.