சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு விமர்சகர்

எனக்கும் நெவிலுக்கும் நடுவில் இருப்பது ஒற்றைச் செங்கல் சுவர். இங்கிலாந்தின் ஹல் நகரில் எங்கள் தெரு வீடுகள் எல்லாமே இரண்டிரண்டாக ஒட்டிக் கட்டியவை. அவர் கூடத்தில் தும்மினால் என் கூடத்தில் தூசி பறக்கும். அதனால் டிவி பார்க்க எனக்குக் கண் மட்டும் இருந்தால் போதும். கருத்தெல்லாம் அந்தப் பக்கத்திலிருந்து வந்துவிடும்.

நெவில் கம்பளக் கடையில் விற்பனையாளராக இருந்து ஓய்வு பெற்றவர். அந்த மனிதருக்குப் பிடித்த நிகழ்ச்சி என்று ஒன்று இந்த நாட்டில் இதுவரை ஒளிபரப்பானதில்லை. ஆனால் ஒன்றையும் விடமாட்டார்.

"வாரம் ஒரு பொணம் விழுது, அப்பவும் அந்த ஊர்ல வீட்டு விலை ஏறிக்கிட்டே இருக்கு! எவன்யா போய் வாங்குறான்?" இது கிராமத்துக் கொலைகளைத் துப்பறியும் தொடருக்கு.

"கேக்கு நடுவுல அமுங்கிப்போச்சுன்னு ஒரு ஆம்பளை அழுறான். எங்கப்பா போன மீன்பிடிக் கப்பலே கவுந்துச்சு. கரைக்கு வந்து டீ கேட்டாரே தவிர அழல!" இது கேக் போட்டிக்கு.

"அந்தக் காலத்து அரண்மனைல நைலான் கம்பளம் ஏது? ஓரத்தைப் பாரு, பசை போட்டு ஒட்டியிருக்கான்!" இது சரித்திரத் தொடருக்கு. அப்போது இளவரசி விஷம் குடித்துச் செத்துக்கொண்டிருந்தாள். எனக்கு அழுகை வந்தது. அவர் அவள் விழுந்த இடத்தின் கம்பளத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அவர் மனைவி டோரீன் இருக்கிறாள். இத்தனை வருடத்தில் அவள் குரல் ஒரு தடவைகூட அந்தச் சுவரைத் தாண்டி வந்ததில்லை. நேரில் போனால் "டீ வேணுமா?" என்பாள். அதற்கு மேல் பேச அவளுக்கு இடம் கிடைத்தால்தானே.

போன வசந்தத்தில் டிவியில் ஓர் அறிவிப்பு வந்தது. வீட்டில் உட்கார்ந்து டிவி பார்க்கிறவர்களைப் படம் பிடித்து, அவர்கள் சொல்லும் கருத்துகளையே டிவியில் காட்டப்போகிறார்களாம். அதற்குக் குடும்பங்கள் தேவையாம். நடிகர்களுக்குச் சம்பளம் கொடுத்து மாளவில்லை போலிருக்கிறது. அறிவிப்பு முடிவதற்குள் நெவில் போனை எடுத்துவிட்டார். அந்த முனையில் ஜெம்மா என்ற இளம்பெண். இவர் பேசப் பேச விழுந்து விழுந்து சிரித்தாளாம். வியாழக்கிழமை வீட்டுக்கு வந்து சோதனையாகக் கொஞ்சம் படம் பிடித்துப் பார்க்கிறோம் என்றாளாம்.

அன்று மாலையே கிளப்பில் எல்லோருக்கும் சொல்லியாகிவிட்டது. மறுநாள் வேலிக்கு மேலே தலையை நீட்டி என்னைக் கூப்பிட்டார்.

"கடையில நின்னு ஆயுசு பூரா மத்தவங்க சொல்றதுக்கெல்லாம் தலையாட்டியாச்சு, பாலீன். என் பேச்சைக் கேக்க ஒரு நாதி இல்ல. இனிமே நாடே கேக்கும்."

சொல்லும்போது கண் கலங்கியிருந்தது. நான்தான் தினமும் கேட்டுத் தொலைக்கிறேனே என்று நாக்கு நுனி வரை வந்தது. ஆனாலும் பாவமாக இருந்தது. அந்த மனிதர் வாழ்க்கையில் இவ்வளவு ஆசைப்பட்டு நான் பார்த்ததில்லை.

"நீயும் வா. நான் சொல்றப்போ சிரிக்க ஆள் வேணும்."

"டோரீன் இருக்காளே?"

"அவ சிரிக்க மாட்டா. எல்லாம் கேட்டுக் கேட்டுப் புளிச்சுப்போச்சு அவளுக்கு."

வியாழக்கிழமை போனேன். நெவில் கோட்டு சூட்டில் நின்றார், கழுத்தில் டை வேறு. பாதிரியார் வந்தால் மட்டும் வெளியே எடுக்கும் கோப்பைகள் மேசை மேல் இருந்தன. டாக்டருக்குக்கூடத் தராத சாக்லேட் பிஸ்கட் தட்டில் அடுக்கியிருந்தது. இது சரிப்பட்டு வராது என்று அப்போதே எனக்குத் தெரிந்தது.

எங்கள் ஆட்களுக்கு வெளியாள் வாசல்படி ஏறிவிட்டால் நாக்கு மாறிவிடும். விருந்தாளி முன்னால் எதையும் குறை சொல்லக் கூடாது. சூப்பில் ஈ கிடந்தாலும் சூப் பிரமாதம் என்றுதான் சொல்ல வேண்டும். நெவிலின் அம்மா அப்படித்தான் காதைத் திருகி வளர்த்திருந்தாள். அவர் கணக்கில் அந்தக் கேமராவும் ஒரு விருந்தாளி.

"நாங்க இங்க இல்லைன்னு நெனச்சுக்குங்க" என்றாள் ஜெம்மா.

"வந்தவங்களை இல்லைன்னு நெனைக்கிறது மரியாதையா? பிஸ்கட் எடுத்துக்க, கண்ணு."

சோபாவில் நெவில் நடுவில். டோரீனும் நானும் இரண்டு பக்கமும். முதலில் கேக் போட்டி ஓடியது. ஒருவனுடைய கேக் நடுவில் அமுங்கியது, அவன் அழுதான். நான் சிரிக்கத் தயாரானேன்.

"அமுங்கினா என்ன, ருசியா இருக்கும்" என்றார் நெவில். "பாவம், நல்ல முயற்சி."

அடுத்து வீடு தேடும் நிகழ்ச்சி. ஒரு தம்பதி கிராமத்தில் ஐந்து அறை வீடு தேடினார்கள். "ரொம்ப நல்ல ஜோடி" என்றார். ஜெம்மாவின் முகம் தொங்கிவிட்டது.

"நெவில், போன்ல பொணம், வீட்டு விலைன்னு என்னமோ சொன்னீங்களே, அதைச் சொல்லுங்களேன்."

"ஐயையோ, அது சும்மா வேடிக்கைக்குச் சொன்னதும்மா. அந்த ஊர்க்காரங்க கேட்டா மனசு நோகும்."

அது கதைக்காகக் கட்டிவிட்ட ஊர்! நெவிலின் நெற்றியில் வியர்வை வழிந்தது. கெட்டுப்போகிறது என்று அவருக்கே தெரிந்தது. ஆனால் நாக்கு புரளவில்லை. வாயைத் திறந்தால் கம்பளம் வாங்க வந்தவர்களிடம் பேசிய பேச்சுத்தான் வந்தது.

கடைசியில் அதுவும் நின்றது. அந்தச் சோபாவில் அப்படி ஒரு அமைதி விழுந்து டோரீன் பார்த்திருக்கமாட்டாள். இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தாள். கோப்பையைக் கீழே வைத்தாள்.

"ரெண்டு பேருக்கு அஞ்சு ரூம் எதுக்கு?" என்றாள். "ரெண்டு போதும், நடுவுல சுவரு கனமா இருந்தா." என்னை எட்டிப் பார்த்தாள். "பாலீன் வீட்டுச் சுவரு மாதிரி இல்லாம."

நான் சிரித்த சிரிப்பில் என் கோப்பையிலிருந்த டீ மடியில் கொட்டியது. இது சிரிக்கச் சொல்லிச் சிரித்த சிரிப்பு இல்லை.

திரும்பவும் கேக் போட்டியைப் போட்டார்கள். நடுவர் வாயைக் கோணிக்கொண்டு தின்றார். டோரீன் விடவில்லை. "எதைக் குடுத்தாலும் உதட்டைப் பிதுக்குறான் பாரு. இவனுக்கு ஒரு முட்டை அவிக்கத் தெரியுமான்னு இவன் பொண்டாட்டியைக் கேக்கணும். அவளைக் கூப்பிட்டு ஒரு நிகழ்ச்சி போடுங்க, நான் பாக்குறேன்."

துப்பறியும் தொடரில் ஒருத்தி கணவனின் சூப்பில் விஷம் கலந்தாள். "எதுக்குடி விஷம்?" என்றாள் டோரீன். "ரிமோட்டை ஒளிச்சு வை, போதும். ஒரு வாரத்துல ஆளு தானாப் போயிடுவான்."

கேமராக்காரனின் தோள் குலுங்கியது.

"டோரீன், வந்தவங்க முன்னால..." என்றார் நெவில்.

"அவங்க இல்லைன்னு நெனச்சுக்கச் சொன்னாங்களே."

அடுத்த வாரம் ஜெம்மா போன் செய்தாள். நெவில் ஓடிப்போய் எடுத்தார். அவள் டோரீனைக் கேட்டாள். டோரீனும் பாலீனும் போதுமாம். நெவில் அற்புதமான மனிதராம், வேறு ஏதாவது வரும்போது கட்டாயம் கூப்பிடுவார்களாம். அந்தக் 'கட்டாய'த்துக்கு என்ன அர்த்தம் என்று இந்த ஊரில் குழந்தைக்கும் தெரியும். மலிவுக் கம்பளம் கேட்டு வந்தவர்களிடம் நெவில் அதே வார்த்தையைக் காலமெல்லாம் சொல்லியிருக்கிறார். போனை மனைவி கையில் கொடுத்துவிட்டுத் தோட்டத்துக்குப் போய் வெகுநேரம் நின்றார்.

அப்புறம் படப்பிடிப்பு நாளெல்லாம் அவர் சமையலறையில் இருந்தார். நடுநடுவே கதவைத் திறந்து, "டீ வேணுமா?" என்று கேட்டார். எனக்கு மனசு கேட்கவில்லை. ஆனால் வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

முதல் ஒளிபரப்பு அன்று என் வீட்டில் தனியாக உட்கார்ந்து பார்த்தேன். திரையில் டோரீன் வாய் திறந்த நிமிடம், சுவருக்கு அந்தப் பக்கம் பழைய நெவில் முழுசாகத் திரும்பி வந்துவிட்டார்.

"இதெல்லாம் ஒரு நிகழ்ச்சியா? ரெண்டு கிழவிங்க உக்காந்து பிஸ்கட் திங்கிறதை எவன் பாப்பான்? வெளிச்சம் சரியில்ல. இவ்வளவு நல்ல கம்பளம் விரிச்சிருக்கு, ஒரு தடவையாவது காட்டுறானா பாரு—"

அப்போது ஒரு குரல் முதல்முறையாக அந்தச் சுவரைத் தாண்டி வந்தது.

"சும்மா இரு, நெவில். நான் பேசிட்டிருக்கேன்."