சோடாபுட்டி போன வேகம்

அக்கா, கோவப்படாம முழுசா படி. டைப் பண்ணா விடிஞ்சிடும், நான் பேசப் பேச போனே எழுதிக்குது. அத்தானுக்கு ஒண்ணும் ஆகல. அத முதல்லயே சொல்லிடறேன், இல்லன்னா பாதியிலயே அழ ஆரம்பிச்சிடுவ. இந்த வாரம் அவருக்கு ஆர்டர் சரியா வரல, அதான் ரூம்லயே உக்காந்திருக்கார். ஏன்னு கேட்டா உன்கிட்ட வாயே திறக்க மாட்டார். நான் சொல்றேன்.

திங்கக்கிழமை எங்க டெலிவரி கம்பெனில மீட்டிங். அத்தான் மாதிரி வண்டி ஓட்டறவங்க முன்னாடி, போன் எடுக்கற நாங்க பின்னாடி சுவரோரமா. மேனேஜர் திரையில ஒரு படம் போட்டார். போன மாசம் வரைக்கும் ஒரு வருஷத்துல நம்ம ஆளுங்க விழுந்ததெல்லாம் எந்த வேகத்துலன்னு. மெதுவா போனவங்களுக்கு ஒரு தூண், கூரைய முட்டுது. வேகமா போனவங்களுக்கு ஒரு தூண், செங்கல் உயரம் கூட இல்ல.

"பாத்தீங்களா? வேகம் ஆளக் கொல்லல. தயங்கித் தயங்கி ஓட்டறவன்தான் விழறான். இது கணக்கு, பொய் சொல்லாது"ன்னார்.

சொன்ன கையோட எக்ஸ்பிரஸ்னு ஒரு புதுப் பிரிவு. அதுல சேந்தா ஆர்டர் முதல்ல உனக்குத்தான். ஆனா இப்ப குடுக்கற நேரத்துல பாதியிலயே கொண்டு போய் சேக்கணும். போன்ல சம்மதம்னு ஒரு தட்டு தட்டினா போதும். எல்லாரும் கை தட்டினாங்க அக்கா. அத்தானும்தான்.

சாப்பாட்டு நேரத்துல படிக்கட்டுல அவரப் பிடிச்சேன்.

"அத்தான், சேராதீங்க. இந்த நெரிசல்ல எல்லாரும் நாள் முழுக்க ஊந்துக்கிட்டுதான் போறாங்க. விழறவனும் அதுலதான அதிகமா இருப்பான்? மழையில நனைஞ்சவங்கள எண்ணுங்க, குடை பிடிச்சவங்கதான் அதிகம் இருப்பாங்க. குடைதான் நனைக்குதுன்னு தூக்கிப் போட்டுடுவீங்களா?"

"அடேங்கப்பா! சைக்கிள்ல இருந்தே விழறவன் எனக்கு வேகத்தப் பத்தி பாடம் எடுக்கறான். மச்சான், உங்கக்காவ இங்க கூட்டிட்டு வரணும்டா. இப்படியே ஊந்துக்கிட்டிருந்தா அவ வர்றதுக்குள்ள பாப்பாவுக்குக் கல்யாணமே ஆயிடும்."

சொல்லிட்டு சாப்பாட்டு டப்பாவத் திறந்துட்டார். ஆனா ஒண்ணு மட்டும் உறுத்திக்கிட்டே இருந்துச்சு. அந்தப் படத்துல சோடாபுட்டி எங்க?

சோடாபுட்டிய உனக்குத் தெரியும். தடி தடியா கண்ணாடி போட்டுக்கிட்டு, வீடியோ கால்ல பாப்பாவுக்கு குரங்கு மாதிரி மூஞ்சி காட்டுவாரே, ரூம்ல அத்தானுக்கு மேல் கட்டில். போன மாசம் கடையில ஆர்டர் லேட்டா குடுத்தாங்க, அத ஈடு கட்ட பாலத்து இறக்கத்துல பறந்தார். தடுப்பத் தாண்டிப் போய் விழுந்தார். அதோட போய்ச் சேந்துட்டார்.

அப்ப அவர் அந்தக் குட்டித் தூண்லதான இருக்கணும்? சீட்டுக்கு ஓடிப் போய் தேடினேன். இல்ல. பெரிய தூண்ல இருக்கார். வேகம், மணிக்கு நாலு கிலோமீட்டர்.

என் வேலை என்னன்னு உனக்குத் தெரியும்ல. மேப்ல ஒரு புள்ளி ரொம்ப நேரம் அசையலன்னா நான் போன் போடணும், ஆர்டர் போய் சேராதுன்னு தெரிஞ்சா அந்த ட்ரிப்ப மூடணும். அன்னிக்கு நான் கூப்பிட்டப்ப சோடாபுட்டியோட போன யாரோ வழியில போறவர்தான் எடுத்தார். ஆஸ்பத்திரியில இருந்து தகவல் வந்தப்புறம்தான் நான் மூடினேன். கம்ப்யூட்டர் என்ன பண்ணுது? போன தூரத்த, ஆர்டர் வந்ததுல இருந்து நான் மூடற வரைக்கும் ஆன மொத்த நேரத்தால வகுக்குது. கடை வாசல்ல காத்துக்கிட்டிருந்ததும், ரத்தத்துல கிடந்ததும், எல்லாமே அதுக்கு வண்டி ஓட்டின நேரம்தான். அப்படிப் பாத்தா விழுந்தவன் அத்தன பேரும் மெதுவா போனவன்தான் அக்கா. விழுந்ததாலதான் மெதுவானான். அத வச்சுத்தான் இவங்க தூண் கட்டியிருக்காங்க.

அத்தான் கிட்ட சொன்னேன். பாதி சாப்பாட்ட மூடி வச்சுட்டு விறுவிறுன்னு மேல மீட்டிங் ரூமுக்கு ஏறினார். நானும் பின்னாடியே. மேனேஜர் அங்கதான் இருந்தார், அந்தப் படமும் திரையிலயே இருந்துச்சு.

"சார், சோடாபுட்டி இதுல எங்க இருக்கான்?"

"யாரு?"

நான் சோடாபுட்டியோட கம்பெனி நம்பரச் சொன்னேன். பாத்தார். "ஓ, இவரா. மெதுவா போனவர்."

"நாலு கிலோமீட்டர்ல போறவன் எப்படி சார் தடுப்பத் தாண்டி விழுவான்? எம்பொண்ணு மூணு சக்கர சைக்கிள்ல அத விட வேகமா போவா."

அந்த ஆள் முகத்துல ஒரு கூச்சம் வரணுமே? வரல. "ஃபிரண்டா? கஷ்டமா இருந்தா எடுத்துடறேன்"னு ஒரு பட்டன அழுத்தினார். டீயில விழுந்த ஈய எடுத்துப் போடற மாதிரி. தூண் ஒரு முடி கூட குறையல. "இப்ப ஓகேவா?"

"சார், அவர் மட்டும் இல்ல, எல்லாருக்குமே..."ன்னு நான் ஆரம்பிச்சேன்.

"நீ போன் எடுக்கற ஆள்தான? போய் போன எடு."

அத்தான் அங்கயே, அந்தாள் மூஞ்சிக்கு நேரா, போன நீட்டி 'வேண்டாம்'னு அழுத்தினார். மத்தவங்க எல்லாம் சம்மதம். இப்ப நல்ல ஆர்டர் எல்லாம் அவங்களுக்குப் போயிட்டு, மிச்சம் மீதிதான் அத்தானுக்கு.

மத்தியானம் அடுத்த குரூப் வந்துச்சு. என் சீட்டுக்கும் அந்த ரூமுக்கும் நடுவுல ஒரு சுவர்தான். அதே படம், அதே பேச்சு. கணக்கு பொய் சொல்லாதாம். சோடாபுட்டி இப்ப எந்தத் தூண்லயும் இல்ல. கை தட்டற சத்தம் கேட்டப்ப யாரோ என் மேல காறித் துப்பின மாதிரி இருந்துச்சு அக்கா. நான் போன எடுத்துக்கிட்டுதான் இருந்தேன்.

காசு சேராததால நீ இங்க வர்றது இன்னும் தள்ளிப் போகும். அத உன்கிட்ட சொல்ல முடியாமத்தான் அவர் நீ கூப்பிடுவியோன்னு பயந்து போன கவுத்துப் போட்டு வச்சிருக்கார். திரும்பக் கூப்பிடு. ஆர்டர் பத்தி கேக்காத. லேட்டானா பரவால்லன்னு நீயே முதல்ல சொல்லிடு.