நிதானத்தின் கோட்டு

அன்று விசாரணை அறையில் ஐந்து பேர் இருந்தார்கள். மேசையின் தலைப்பக்கம், வங்கிப் பணத்துக்குக் காவல் போகும் கம்பெனியின் மேலாளர். அவருக்கு வலப்பக்கம் காவல் நிலையத்திலிருந்து வந்திருந்த அதிகாரி, இடப்பக்கம் பணவண்டி டிரைவர். கதவோரமாக, செத்துப்போன கம்பெனிக் காவலரின் மனைவி. யாராவது எழுந்திரு என்று சொன்னால் உடனே எழுந்துவிடத் தோதாக நாற்காலியின் விளிம்பில் மட்டும் உட்கார்ந்திருந்தாள். ஜன்னல் பக்கம், காவலர்களுக்குத் துப்பாக்கிப் பயிற்சி கொடுக்கும் வாத்தியார். ஆறாவது நாற்காலியில் ஆள் இல்லை. பிளாஸ்டிக் பையில் போட்டு முடிச்சிட்ட ஒரு சாம்பல்நிறக் கோட்டு அதன்மேல் கிடந்தது.

செத்துப்போனவருக்கு அங்கே நிதானம் என்று பெயர். டிரைவர் வைத்த பெயர். எதைச் செய்தாலும் ஆற அமரத்தான் செய்வார். துப்பாக்கியை உறையில் வைக்கும்போது குனிந்து பார்ப்பார், உறையின் வாயைக் கட்டைவிரலால் தடவுவார், மறுபடி பார்ப்பார், அப்புறம்தான் செருகுவார். “அவன் உள்ள வைக்கிறதுக்குள்ள நான் ஒரு தூக்கம் போட்டு எந்திரிச்சிடுவேன்” என்று டிரைவர் கேலி பேசுவது வழக்கம். நிதானம் கோபித்துக்கொண்டதே இல்லை. நல்லாத் தூங்கு, ஓட்டும்போது தூங்காம இருந்தாச் சரி என்பார்.

அப்படிப்பட்டவருக்குத்தான் அது நடந்தது. காவலர்கள் காலையில் கிடங்கு ஜன்னலில் கைத்துப்பாக்கியை வாங்குவார்கள். முற்றத்து மூலையில் மணல் நிரப்பிய பீப்பாய் இருக்கிறது. தவறி வெடித்தாலும் மணலில் புதையும்படி, துப்பாக்கிக் குழாயை அதற்குள் காட்டித் தோட்டா ஏற்றி, இடுப்பு உறையில் செருகிக்கொள்வார்கள். அதற்குமேல்தான் கோட்டு. முதலில் துப்பாக்கி, பிறகு கோட்டு என்று வாத்தியார் சொல்லிச் சொல்லி வாய் வலித்த வரிசை அது. அன்றைக்கோ மழை கொட்டு கொட்டென்று கொட்டியது. முற்றத்துக்குக் கூரை கிடையாது. நிதானம் கோட்டைப் போட்டுக்கொண்டே வந்துவிட்டார். தோட்டா ஏற்றினார், உறையில் வைத்து அழுத்தினார், வெடித்துவிட்டது. தொடையில் பாய்ந்த குண்டு பெரிய இரத்தக்குழாயை அறுத்துவிட்டது. டிரைவர் ஓடிவந்து, கோட்டை இழுத்து விலக்கிவிட்டு, இரண்டு கையாலும் காயத்தைப் பொத்திப் பிடித்தார். ஆஸ்பத்திரி வாசலைத் தொடுவதற்குள் எல்லாம் முடிந்துபோனது.

காவல் அதிகாரி பொறுமையான மனிதர். துப்பாக்கியைப் பிரித்துச் சோதித்தாயிற்று, கோளாறு ஒன்றும் இல்லை என்றார். இந்த ரகத்தில் தனியாகப் பூட்டு கிடையாது. விசை அழுந்தினால் சுடும், அழுந்தாவிட்டால் சுடாது. ஏதோ ஒன்று அதை அழுத்தியிருக்கிறது. விரலைத் தவிர வேறு எதுவும் தனக்குத் தெரியவில்லை, தெரிந்தவர்கள் சொல்லலாம் என்றார்.

மேலாளர் ஏற்கெனவே எழுதிவைத்திருந்ததைப் படித்தார். விரலை விசையில் வைத்தபடியே உறையில் செருகியதால் நேர்ந்த மரணம். இதை எல்லாக் கிளைகளுக்கும் அனுப்பி, காவலர்களை வரிசையில் நிறுத்தி வாசிக்கச் சொல்லப்போவதாகவும் சொன்னார். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. இன்னொருவர் சாகக்கூடாது என்றுதான் சொன்னார்.

அப்போதுதான் அந்த அம்மாள் வாயைத் திறந்தாள்.

“அவர் விரல் உள்ள போயிருக்காது சார்.”

மேலாளர் தலையை ஆட்டினார். உங்கள் மனசு புரிகிறது என்கிற ஆட்டல். அது அவளுக்கும் தெரிந்தது.

“மனசுக்காகச் சொல்லல சார். நான் தையல் வேலை பாக்குறவ. இஸ்திரி போடத் தண்ணி தெளிக்கிற பாட்டில் ஒண்ணு வீட்ல இருக்கு, விரலால அழுத்துற மாதிரி. அதை எடுத்துக் குடுங்கன்னு கேட்டாக்கூட விரலை வெளியே நீட்டிக்கிட்டுத்தான் எடுத்துட்டு வருவார். துணிக்கு நேரா வந்தப்புறம்தான் விரலை வைப்பார். தண்ணிதாங்க, ஊரையா சுடப்போறீங்கன்னு நானே சிரிச்சிருக்கேன்.”

டிரைவருக்குச் சிரிப்பு வந்தது. பாதிச் சிரிப்பிலேயே முகம் கோணிப்போய், எழுந்து ஜன்னலண்டை போய் நின்றுகொண்டார்.

எல்லோரும் வாத்தியாரைப் பார்த்தார்கள். உடனே பதில் சொல்லியிருக்கலாம். சொல்வதற்கு அவரிடம் விஷயம் இருந்தது. எழுத்தில் தருகிறேன், தபாலில் தலைமை அலுவலகத்துக்கே அனுப்பிவிடுகிறேன் என்று மட்டும் சொல்லிக் கையைக் கட்டிக்கொண்டார். அவள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் பார்வை பிளாஸ்டிக் பையின் பக்கம் போய்ப் போய் வந்ததையும் பார்த்தாள்.

அந்தக் கோட்டைக் காலையிலேயே அவர் புரட்டிப் பார்த்திருந்தார். கம்பெனி கொடுக்கும் கோட்டின் கீழ்விளிம்பு வெறும் மடிப்புதான், நாடா கிடையாது. இதில் இருந்தது. மடிப்புக்குள் நாடா ஓட்டி, இழுத்துக் கட்டினால் குளிர்காற்று உள்ளே ஏறாதபடி செய்திருந்தது. தையல் நூல் பிடித்தாற்போல் நேராக, இரட்டையாக ஓடியிருந்தது. நாடா நழுவாமலிருக்க நுனியில் கடலைப்பருப்பு அளவு ஒரு மணி. அந்த மணியின் ஒரு பக்கம் புதிதாகச் சிராய்த்திருந்தது. விசையைச் சுற்றியிருக்கும் வளையத்துக்குள் அது கச்சிதமாக நுழைந்தது. டிரைவர் கோட்டை இழுத்தபோது கழன்று வந்திருக்க வேண்டும்.

மணி உள்ளே மாட்டினால் உறைக்குள் துப்பாக்கி இறங்காது, தடுக்கும். தடுத்தால் நிறுத்து, வெளியே எடு, பார். இதுதான் பாடம். ஆனால் அந்த மாதம்தான் எல்லோருக்கும் புது உறை வந்திருந்தது. தோல் முரடு, பச்சைக் கட்டை மாதிரி. ஒவ்வொரு தடவையும் தடுத்தது. ஒவ்வொரு தடவையும் எல்லோரும் ஓங்கி அழுத்தியே பழகிவிட்டார்கள். தடுப்பது என்பது அவர்களுக்கு ஒரு சேதியாகவே இல்லாமல் போய்விட்டது. குனிந்து பார்த்தாலும் கோட்டு விளிம்பு உறையின் வாயை மறைத்திருக்கும்; நிதானம் அன்றும் அழுத்தியிருக்கிறார்.

ஆக விரல் உள்ளே போகவில்லை. அதை அடித்துச் சொல்லலாம். சொன்னால் நிதானத்தின் பேர் பிழைக்கும். கூடவே நாடாவையும் சொல்லியாக வேண்டும், அதைச் சொன்னால் அந்தத் தையலை இவள் ஆயுசுக்கும் மனசுக்குள் பிரித்துப் பிரித்துப் போட்டுக்கொண்டிருப்பாள். சட்டை நுனி மாட்டியது என்று எழுதிவிட்டால் என்ன? யாருக்கும் நஷ்டமில்லை. இரண்டு நாளாகக் காகிதத்தை எடுப்பதும் மூடிவைப்பதுமாக இருந்தார்.

அவள் தானே வந்தாள். மதியம், பயிற்சி அறையில் யாரும் இல்லாத நேரம். எழுதிட்டீங்களா அண்ணே என்றாள். இல்லை என்றார். ஏன் என்றாள். அவர் நாற்காலியை இழுத்துப் போட்டார், தண்ணீர் கொடுத்தார், மழை விட்டதா என்று கேட்டார்.

“சுத்தி வளைக்காதீங்கண்ணே. எனக்கு முன்னாடி சொல்ல முடியாதது ஏதோ இருக்கு. அதைக் காட்டுங்க.”

சொல்லுங்கள் என்று கேட்டிருந்தால் எதையாவது சொல்லிச் சமாளித்திருப்பார். காட்டுங்கள் என்றுவிட்டாள்.

எழுந்து அலமாரியைத் திறந்தார். பயிற்சித் துப்பாக்கியை எடுத்து, தோட்டாப் பெட்டியைக் கழற்றி மேசையின் மறுகோடியில் வைத்தார். மேல்பாகத்தைப் பின்னுக்கு இழுத்து உள்ளே கண்ணால் பார்த்தார், சுண்டுவிரலை விட்டும் பார்த்தார். அவளிடமும் நீட்டி, காலியாக இருக்கிறதா என்று பார்க்கச் சொன்னார். அவள் பார்த்து, காலி என்றாள். பிறகு இடுப்பில் புது உறையை மாட்டிக்கொண்டு, ஆணியில் தொங்கிய ஒரு கோட்டை எடுத்துப் போட்டுக்கொண்டார். அதிலும் நாடா இருந்தது, நுனியில் மணி இருந்தது.

அது யாருடைய கோட்டு என்று அவளுக்குத் தெரியும். நிதானத்தின் கோட்டைப் பார்த்து ஆசைப்பட்டு, இன்னும் இரண்டு காவலர்கள் அவளிடம் தைத்துக்கொண்டு போயிருந்தார்கள்.

வாத்தியார் விரலை நீட்டிக் குழாயோடு ஒட்டிப் பிடித்தார். அவள் அந்த விரலைத்தான் பார்த்தாள். துப்பாக்கி உறைக்குள் மெதுவாக இறங்கியது. கோட்டு விளிம்பும் அதோடு ஒதுங்கி இறங்கியது. பாதியில் தடுத்தது. அவர் அழுத்தினார்.

‘டிக்’ என்றது.

அவர் கையை எடுத்துவிட்டார். விரல் நீட்டியது நீட்டியபடியே இருந்தது. கோட்டுக்கும் உறைக்கும் நடுவே இழுபட்டு நின்ற நாடாவை அவள் பார்த்தாள். கிட்டே வந்து, தொடாமல், தான் போட்ட இரட்டைத் தையலையும் பார்த்தாள். அப்புறம் போய் உட்கார்ந்தாள். வெளியே யாரோ வண்டியைக் கழுவிக்கொண்டிருந்தார்கள்.

“இன்னொரு கோட்டு எங்கண்ணே?”

“அதையும் அன்னிக்கே வாங்கிட்டேன்மா. நாடாவை உருவிட்டேன். இது ஒண்ணுதான் பாக்கி.”

“என்னன்னு சொல்லி வாங்குனீங்க?”

“சலவைக்குப் போடணும்னேன்.”

அவள் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். தோள் மட்டும் குலுங்கியது. வாத்தியாருக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. கோட்டைக் கழற்றினார், மடித்தார், மடித்ததைப் பிரித்து மறுபடி மடித்தார்.

முகத்தைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தாள். “எழுதுங்க. அவர் விரல் வெளியதான் இருந்துச்சுன்னு முதல்ல எழுதுங்க.”

சட்டை நுனி என்று எழுதிவிடலாமா என்று அவர் மெல்ல ஆரம்பித்தார். அவள் வேண்டாமென்று தலையசைத்தாள். இந்த இரண்டு கோட்டு நமக்குத் தெரியும், மற்ற கிளைகளில் எவள் எவள் தைத்துக் கொடுத்திருக்கிறாளோ என்றாள். அப்படியென்றால் நாடா என்று மட்டும் எழுதுகிறேன், யார் தைத்தது என்று எழுத அவசியமில்லை என்றார் அவர்.

“கேப்பாங்கண்ணே. பேரில்லாம விட்டா, அவரே தைச்சுக்கிட்டார்னு முடிச்சிடுவாங்க. அந்த மனுசனுக்கு ஊசியில நூல் கோக்கத் தெரியாது.”

அவர் காகிதத்தை எடுத்தார். கோட்டு முதலில் போடப்பட்டது, அதன் காரணம் மழை. உறை புதிது, இறுக்கம். விளிம்பில் நாடா, நுனியில் மணி. விசையில் விரல் இல்லை. ஒவ்வொன்றையும் எழுதி எழுதி வாசித்துக் காட்டினார். தடுத்தபோது நிறுத்தாமல் அழுத்தினார் என்ற இடத்தில் அவள் கையைக் காட்டினாள்.

“அழுத்துனார்னும் போடணுமா?”

“போடணும்மா. தடுத்தா நிறுத்தணும்னு மத்தவங்களுக்குத் தெரியணும்ல.”

அவள் யோசித்தாள். போடுங்கள் என்றாள். ‘இந்த நாடாவைக் குளிருக்காகத் தைத்துக் கொடுத்தவர் இறந்தவரின் மனைவி’ என்ற வரியை அவர் எழுதி முடித்ததும், காகிதத்தை வாங்கி அந்த வரியை மட்டும் தானே ஒருமுறை படித்தாள். குளிருக்காக என்பது இருக்கட்டுமா, எடுத்துவிடட்டுமா என்று கேட்டார். இருக்கட்டும் என்றாள்.

கையெழுத்துப் போட்டு, மூன்றாக மடித்துத் தபால் உறையிலிட்டு, பசை தடவி ஒட்டினார். ஒட்டிய இடத்தை அவள் நகத்தால் கோடு இழுத்தாற்போல் அழுத்திவிட்டாள். இரண்டு பேருமாகத் தபாலாபீசுக்கு நடந்தார்கள். பதிவுத் தபால் ஜன்னலில் இருந்த பெண் உறையை எடைபோட்டு, முத்திரை குத்தி, ரசீதை நீட்டினாள். சாயங்காலத் தபால் கட்டோடு போய்விடுமா என்று நிதானத்தின் மனைவி கேட்டாள். போய்விடும் என்றபடியே அந்தப் பெண் கடிதத்தைப் பின்னாலிருந்த சாக்கில் போட்டாள்.