‘நீங்க’ என்ற கெட்ட வார்த்தை

திரை மூன்றாவது முறையாகச் சிவந்ததும் மர்ஜியா கையிலிருந்த கண்ட்ரோலரைச் சோபாவில் வீசினாள். ஓடிக்கொண்டிருந்த கார் பாதி மலைப்பாதையில் காணாமல் போய், அந்த இடத்தில் ஆங்கிலத்தில் ஓர் அறிவிப்பு வந்து நின்றது. இனவெறி வசைச்சொல் பேசியதற்காக அவள் கணக்கு நிரந்தரமாக முடக்கப்படுகிறதாம்.

"நானா? நான் என்னத்த பேசுனேன்?" என்று டிவியைப் பார்த்தே கேட்டாள்.

லப்பைக்குடிக்காட்டில் பாதி வீடுகளின் ஆண்கள் வளைகுடாவில் இருக்கிறார்கள். மர்ஜியாவின் கணவன் காமில் தோஹாவில் ஒரு சரக்குக் கம்பெனியில் சூப்பர்வைசர். போன தடவை லீவில் வந்தபோது ஒரே மாதிரி கேம் பெட்டி இரண்டு வாங்கி, ஒன்றை இங்கே வைத்துவிட்டுப் போனான். வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடிந்ததும் அவன் அங்கே உட்காருவான், இவள் இங்கே. போனில் பேசினால் சாப்பிட்டியா, கரண்ட் இருக்கா, உம்மாவுக்கு மூட்டுவலி எப்படி என்பதோடு பேச்சு தீர்ந்துவிடும். கார் ஓட்டினால் தீராது. சண்டை போடுவார்கள், சிரிப்பார்கள், ஒருத்தர் மேல் ஒருத்தர் பழி போடுவார்கள். கல்யாணமாகிச் சேர்ந்திருந்த நாட்களை விட அந்தப் பாதையில்தான் இரண்டு பேரும் அதிகமாகப் பேசியிருந்தார்கள்.

சிவப்பு எப்போதெல்லாம் வந்தது என்று யோசித்தாள். "மச்சான், நீங்க முன்னால போங்க" என்றபோது ஒரு முறை. "நீங்கதான் இடிச்சீங்க" என்றபோது ஒரு முறை. கடைசியில், "நீங்க சாப்டீங்களா இல்லியா?" என்று கேட்டபோது.

அவளுக்குப் பட்டென்று விளங்கியது. அமெரிக்காவில் கறுப்பின மக்களைக் கேவலப்படுத்தச் சொல்லும், ‘நி’ என்று தொடங்கும் அந்த ஆங்கில வார்த்தை. கண்ட்ரோலரில் இருக்கும் மைக்கில் ஒட்டுக்கேட்கும் மென்பொருளின் காதில் ‘நீங்க’ அப்படித்தான் விழுந்திருக்கிறது. காமில் அவளை ‘நீ’ என்றே கூப்பிடுவதால் அவனுக்கு ஒன்றும் ஆகவில்லை. மரியாதை கொடுத்தவளுக்குத்தான் தண்டனை.

கல்யாணத்துக்கு முன் சென்னையில் ஒரு சாஃப்ட்வேர் ஆபீசில் வேலை பார்த்தவள் அவள். முறைப்படி எழுதினாள். இது தமிழ், இது மரியாதைச் சொல், இதற்கு அர்த்தம் இது என்று விளக்கி மேல்முறையீடு போட்டாள். எழுதி முடித்த கையோடு பதில் வந்தது. உங்கள் கோரிக்கையைக் கவனமாகப் பரிசீலித்தோம், முடிவில் மாற்றமில்லை. கவனமாகவாம்! பொத்தானை அழுத்திய விரலை எடுக்கும் முன்பே பரிசீலித்துவிட்டார்கள். வாடிக்கையாளர் சேவையில் பேச மனிதரே இல்லை. எதைக் கேட்டாலும் பெட்டியை அணைத்து மறுபடி போடச் சொன்னது ஒரு இயந்திரம்.

மாமியார் நஃபீசா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தார். "போனா போவுது. வேற கேம் போட்டுப் பாரு."

"எதையும் போட முடியாது மாமி. எல்லாம் அந்தக் கணக்குலதான் இருக்கு. காசு குடுத்து வாங்குனது அம்புட்டும் போச்சு."

"அது எப்புடி? வாங்குன பொருளு நம்மளுதுதானே?"

"நம்மளுது இல்லியாம். கடைக்காரன் மனசு வெச்சா வெளாடலாம், அவ்ளோதான்."

நஃபீசா அடுப்படி மேடையைக் கை காட்டினார். "இந்த மிக்ஸிய நான் தெனமும் திட்டுறேன். அவன் வந்து புடுங்கிட்டா போறான்? நல்லா இருக்கே நாயம்!" மருமகள் கேம் ஆடுவதை அதுவரை ஒரு நாளும் ஆதரிக்காத மனுஷிக்கே கோபம் வந்துவிட்டது.

அப்போதுதான் அறிவரசன் ஞாபகம் வந்தது. பெரம்பலூர் இன்ஜினியரிங் காலேஜில் ஒரே வகுப்பு. கேம் கம்பெனிகளுக்காகப் பேச்சைக் கேட்டு நல்லது கெட்டது பிரிக்கும் மென்பொருள் செய்கிற கம்பெனியில் இருக்கிறான்; இந்தப் பெட்டிக்கும் அவர்கள் செய்ததுதான். இப்போது அரியலூரில் வீட்டிலிருந்தே வேலை. போன் போட்டாள்.

"சும்மா எல்லாம் பேன் பண்ண மாட்டாங்க மர்ஜியா," என்றான். "நம்ம ஆளுங்க ஆன்லைன்ல எப்புடிப் பேசுறாங்கன்னு உனக்குத் தெரியாதா? நீ கோவத்துல ஏதாச்சும் சொல்லிருப்ப."

"நான் நேர்ல வரேன். என் மூஞ்சியப் பாத்து இதச் சொல்லு."

சனிக்கிழமை மாமியாரையும் கூட்டிக்கொண்டு பெரம்பலூர் போய், பஸ் மாறி அரியலூரில் இறங்கினாள். சிமெண்ட் லாரிகளுக்கு ஒதுங்கி ஒதுங்கி நடந்து வீட்டைக் கண்டுபிடித்தபோது இருவரின் முக்காட்டிலும் வெள்ளைத் தூசி படிந்திருந்தது.

அறிவரசன் புது வீடு கட்டியிருந்தான். கூடத்தில் சுவரை மறைக்கும் டிவி, அதன் கீழே அவளுடையதைப் போலவே ஒரு கேம் பெட்டி. எங்கேயோ இருக்கும் நண்பர்களோடு ஆங்கிலத்தில் பேசிச் சுட்டுக்கொண்டிருந்தான்.

"பாரு," என்றான், கண்ணைத் திரையிலிருந்து எடுக்காமல். "தெனமும் வாய் ஓயாம பேசுறேன். ஒரு வார்னிங் வந்தது கெடையாது."

"நீ இங்கிலீஷ்ல பேசுற."

"அதான் மேட்டர். தமிழ் எங்க சப்போர்ட் லிஸ்ட்லயே இல்ல. எது வந்தாலும் இங்கிலீஷுன்னு நெனச்சுத்தான் கேக்கும். நீ சொல்றது ஒரு எட்ஜ் கேஸ், எங்கயோ ஓரத்துல நடக்குறது."

"எட்டு கோடி பேரு பேசுற பாஷை ஓரத்துல கெடக்குறதா?" மர்ஜியாவின் குரல் உயர்ந்தது. "தெரியாத பாஷைன்னா காத மூடிக்கணும். ஒட்டுக்கேக்கத் தெரியும், தண்டிக்கத் தெரியும், புரிஞ்சுக்க மட்டும் தெரியாதா?"

"கத்தாத. மைக் ஆன்ல இருக்கு."

அந்த நேரம் பார்த்து அவன் அம்மா கமலவேணி தட்டில் டீயோடு வந்தார். சுண்ணாம்புச் சுரங்கத்தில் கல் சுமந்து மகனைப் படிக்க வைத்தவர். வீட்டுக்கு விருந்தாளி வந்ததில் முகமெல்லாம் மலர்ச்சி.

"நின்னுக்கிட்டே இருக்கீங்களே, நீங்க உக்காருங்க," என்றார் நஃபீசாவிடம்.

திரையின் மூலையில் மைக் குறி சிவந்து அணைந்தது. அறிவரசன் எதிரியைச் சுடுவதில் இருந்தான், கவனிக்கவில்லை. மர்ஜியா கவனித்தாள். சொல்ல வாயெடுத்தவள் அப்படியே மூடிக்கொண்டாள்.

"டீ எடுத்துக்கங்க. நீங்க சக்கரை சேத்துக்குவீங்கல்ல?"

மறுபடி சிவந்தது.

"நான் பாட்டுக்குப் பேசிக்கிட்டே இருக்கேன். நீங்களும் எடுத்துக்கங்க பாப்பா," என்று மர்ஜியாவிடம் தட்டை நீட்டினார். "நீங்க எந்தூரு?"

துப்பாக்கிச் சத்தம் நின்றது. திரை முழுக்கச் சிவப்பு. அதே ஆங்கில வாசகம், அதே வசைச்சொல் குற்றச்சாட்டு. பெயர் மட்டும் அறிவரசனுடையது.

அவன் எழுந்தே விட்டான். காலேஜ் நாளிலிருந்து சேர்த்த விளையாட்டுகள் அத்தனையும் அந்தக் கணக்கில். முகம் வெளிறிப்போய் அம்மா பக்கம் திரும்பினான். "யாரு உன்ன இப்ப வரச் சொன்னது? வாய வெச்சுக்கிட்டு சும்மா இருக்க மாட்டியா?"

கமலவேணி தட்டோடு மிரண்டு நின்றார்.

"அவங்க மேல ஏன் பாயுற?" மர்ஜியா குறுக்கே வந்தாள். "என்ன கெட்ட வார்த்தை சொல்லிட்டாங்க? நீ செஞ்ச மெஷினப் போய்க் கேளு!"

"என்ன தம்பி ஆச்சு? நான் என்ன சொன்னேன்?" என்றார் கமலவேணி.

மர்ஜியாதான் விளக்கினாள். வெளிநாட்டில் ஒரு வசவு இருக்கிறது, அது அந்த மக்களைக் கொல்லுகிற மாதிரி வார்த்தை, ‘நீங்க’ என்றால் இந்தப் பெட்டிக்கு அது கேட்கிறது என்று.

கமலவேணி தட்டை மேசைமேல் வைத்தார். "வேலைக்குப் போன எடத்துல எல்லாம் என்னை வாடி போடின்னுதான் கூப்புட்டானுங்க. பொடிப்பய கூட. இவன் சம்பாரிக்க ஆரம்பிச்ச பொறவுதான் இந்த ஊருல ஒருத்தன் என்னைப் பாத்து நீங்கன்னான். அன்னைக்கு வூட்டுக்கு வந்து அழுதேன். அந்த வார்த்தையவா தம்பி வசவுன்னு எழுதி வெச்சிருக்கீங்க?"

அறிவரசனுக்குக் காது நுனி வரை சிவந்துவிட்டது. லேப்டாப்பைத் திறந்து, அங்கேயே, அவர்கள் முன்னாலேயே மேலாளரைக் கூப்பிட்டான். முதலில் பணிவாகப் பேசினான். இது ஏற்கெனவே தெரிந்த பிரச்சினைதான், தமிழ்ச் சந்தை சின்னது, இப்போதைக்குத் திட்டத்தில் இல்லை என்றது மறுமுனை. தெரிந்தேதான் விட்டு வைத்திருக்கிறார்கள்! அவனும் கத்த ஆரம்பித்தான். நஃபீசாவுக்கு ஆங்கிலம் புரியாது. ஆனால், "நல்லா கேளுங்க தம்பி, விடாதீங்க," என்று டீயை ஆற்றிக்கொண்டே சொன்னார்.

அவன் கத்தியதாலோ என்னவோ, மர்ஜியாவின் கணக்கு சில வாரத்தில் திரும்பி வந்தது. மன்னிப்பு ஒன்றும் இல்லை. நல்லெண்ணத்தின் அடிப்படையில் விடுவிக்கிறோம், இனிமேல் இதுபோன்ற சொற்களைத் தவிர்க்கவும் என்று ஓர் அறிவுரை மட்டும். அறிவரசனுக்கு அதுவும் இல்லை, கணக்கும் திரும்பவில்லை.

வெள்ளிக்கிழமை காமில் விளையாட்டுக்குள் உற்சாகமாக வந்தான். "மர்ஜி, பேசாம இனிமே என்னை நீன்னே கூப்புடு. நான் ஒண்ணும் நெனச்சுக்க மாட்டேன்."

"நான் நெனச்சுக்குவேன்."

"அப்ப மைக்க ஆஃப் பண்ணிட்டு போன்ல பேசு. சிம்பிள்."

அதுதான் அவளைக் கிளப்பிவிட்டது. "என் வூட்டுக்குள்ள, என் புருஷன்கிட்ட, எவனோ ஒருத்தனுக்குப் பயந்து நான் ஒளிஞ்சு பேசணுமா? நீங்க சொல்லுங்க மச்சான், நீங்க அப்புடி ஒளிவீங்களா? நீங்க..."

மலைப்பாதை மறைந்தது. கணக்கு மறுபடி போயிற்று.

காமிலுக்குக் கோபம். கம்பெனி மேல் இல்லை, அவள் மேல். பிடிவாதக்காரி, கிடைத்ததைக் கெடுத்துக்கொண்டாள் என்றான். அவளும் விடவில்லை, உங்களுக்கென்ன, உங்களை யாரும் தடுக்கவில்லை, என்னைக் கூப்பிடத்தான் உங்களுக்கு ‘நீ’ போதுமே என்றாள். அந்த வாரம் முழுக்கப் பேச்சில்லை. நஃபீசாவிடம் மட்டும் பேசி வைத்துவிடுவான்.

அடுத்த வெள்ளிக்கிழமை வீடியோ காலில் வந்தான். அவனுக்குப் பின்னால் டிவி ஓடிக்கொண்டிருந்தது, கையில் கண்ட்ரோலர்.

"நீ சொன்னது ஒறைச்சுது," என்றான். பிறகு கண்ட்ரோலரை வாய்க்குப் பக்கத்தில் கொண்டுபோய், தெளிவாக, கொஞ்சம் வெட்கத்தோடு கேட்டான். "மர்ஜியா, நீங்க சாப்டீங்களா? கோவம் போச்சான்னு நீங்க சொல்லுங்க. நீங்க ஏன் பேச மாட்டேங்கிறீங்க?"

அவன் பின்னால் திரை சிவந்தது.

"லூசா மச்சான் நீங்க?" என்று அலறினாள் மர்ஜியா. கத்திக்கொண்டிருக்கும்போதே சிரிப்பு வந்துவிட்டது, கூடவே கண்ணீரும். கோபம் மட்டும் குறையவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு லேப்டாப்பை மடியில் இழுத்து வைத்தாள். "உங்க கணக்குப் பேரச் சொல்லுங்க. ரெண்டுக்கும் சேத்து எழுதுறேன். இந்தத் தடவ தமிழ்லயே எழுதுறேன், படிக்க ஆளத் தேடட்டும்."