பாத்தாச்சு

வெளுத்த சட்டையோடு நசுங்கிக் கிடந்த காருக்கு அடியில் நுழைகிறவனைப் பார்த்து கிரேன்காரர் தலையில் அடித்துக்கொண்டார்.

"ஏம்ப்பா, சாவு வீட்டுக்குப் போட்டுட்டு வந்த சட்டை அது. கிரீஸ் ஒட்டுச்சுன்னா ஜென்மத்துக்கும் போகாது."

"ரெண்டே நிமிஷம்ண்ணே."

"மூக்குக் கண்ணாடி எடுக்கத்தானே வந்தேன்னு சொன்ன? கண்ணாடி வண்டிக்கு அடியிலயா கெடக்கும்?"

வெளியே தெரிந்த கால்களும் உள்ளே போயின. அடியில் கிடந்தவனுக்குப் பள்ளிக்கூடத்து ரிஜிஸ்டரில் ஒரு பெயர் உண்டு. அதைச் சொல்லி யாரும் கூப்பிட்டதில்லை. ஆள் ஒல்லி, பார்ப்பது கார்களுக்கு ஒயரிங் வேலை, அதனால் வீட்டிலும் ஷெட்டிலும் அவன் கம்பி. அந்தப் பெயரை வைத்தது அண்ணன்தான். "எனக்கு இருக்கிறது தம்பி இல்லீங்க, கம்பி" என்று தன் மருந்துக்கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் சொல்லி, அவர்கள் சிரிப்பதற்கு முன்பே தானே சிரித்துவிடுவார்.

அந்த அண்ணன் நேற்று மாலை, பாலம் முடிகிற இறக்கத்தில், குறுக்கே வந்த சைக்கிளுக்காக பிரேக்கை மிதித்தார். சைக்கிள்காரன் பிழைத்தான். வண்டி நேராகப் போய் குடோன் சுவரில் மோதியது. ஆஸ்பத்திரியில் இரண்டு மணி நேரம் கிடந்து, ஒரு வார்த்தை பேசாமல் போய்ச் சேர்ந்துவிட்டார். இன்று பன்னிரண்டு மணிக்கு எடுக்கிறார்கள். இப்போதே பத்தே முக்கால்.

காலையில் உடலைக் கொண்டுவந்து சவப்பெட்டியில் கிடத்தியதும் அண்ணி ஒருமுறை குனிந்து பார்த்தாள். "கண்ணாடி இல்லாம யாரோ மாதிரி இருக்கார். வண்டியிலதான் விழுந்திருக்கும். எடுத்துட்டு வந்துடு தம்பி" என்றாள். அவள் சொல்லி முடிப்பதற்குள் கம்பி ஸ்கூட்டரை உதைத்துவிட்டான். அவள் அனுப்பாவிட்டாலும் ஏதாவது சாக்குச் சொல்லி இங்கே வந்திருப்பான். ராத்திரி முழுக்க அவனைத் தூங்கவிடாமல் செய்தது இந்தக் காரின் இடது முன் சக்கரம்.

விஷயம் இதுதான். பதினெட்டு வயது ஆன கார். பத்து நாளைக்கு முன் டேஷ்போர்டில் ஏ.பி.எஸ். என்று மஞ்சள் விளக்கு எரிகிறது என்று அண்ணன் ஷெட்டில் கொண்டுவந்து விட்டுப் போனார். எவ்வளவு அழுத்தி மிதித்தாலும் சக்கரம் இறுகிப்போகாமல், பிடித்துப் பிடித்து விடுகிற பிரேக் அது. சக்கரம் சுழன்றுகொண்டிருந்தால்தான் ஸ்டியரிங் சொன்னபடி வண்டி கேட்கும். ஒவ்வொரு சக்கரத்திலும் ஒரு சென்சார், அதிலிருந்து ஒரு ஒயர். ஒரு ஒயர் பேச்சை நிறுத்தினாலும் போதும், அந்த ஏற்பாடு மொத்தமும் கையைக் கழுவிக்கொண்டு மஞ்சள் விளக்கைப் போட்டுவிடும். அப்புறம் இருப்பது வெறும் பிரேக்.

கம்பி தேடிக் கண்டுபிடித்தான். இடது முன் சக்கரம் திரும்பும்போதெல்லாம் உரசி உரசி ஒயரின் தோல் போயிருந்தது. உள்ளே செம்பு பச்சை பூத்திருந்தது. பச்சை பூத்ததை வெட்டியெறிந்துவிட்டு, புது ஒயர் வைத்துப் பற்றவைத்து, மேலே உறை மாட்ட வேண்டும். அந்த அளவு ஒயர் அன்றைக்குக் கையில் இல்லை. வெளியே மூன்று வண்டிகள் ஹாரன் அடித்துக்கொண்டு நின்றன. இரண்டு முனையையும் முறுக்கி, கறுப்பு டேப்பைச் சுற்றிவிட்டான். விளக்கு அணைந்தது. ஞாயிற்றுக்கிழமை ஒழுங்காகச் செய்துகொள்ளலாம் என்று நினைத்தான்.

சாயங்காலம் போன் வந்தது. "கம்பி, வண்டியப் பாத்தியாடா?"

"பாத்தாச்சுண்ணே."

ஷெட்டில் அந்தச் சொல்லுக்கு இரண்டு அர்த்தம். பானெட்டைத் திறந்து என்னவென்று பார்த்தாலும் பாத்தாச்சுதான், பழுதை அடியோடு தீர்த்துவிட்டாலும் பாத்தாச்சுதான். எந்தப் பாத்தாச்சு என்பது சொல்கிறவன் முகத்தில் தெரியும். போனில் முகம் ஏது? வந்த ஞாயிற்றுக்கிழமை கம்பி தூங்கினான். சும்மா சொல்லக் கூடாது, நன்றாகவே தூங்கினான்.

"நான்தான் தூக்கிட்டு வந்தேன்" என்றார் கிரேன்காரர், வெளியே குந்தி உட்கார்ந்தபடி. "ரோட்ல ரெண்டு கறுப்புக் கோடு. ஸ்கேல் வெச்சு இழுத்த மாதிரி சுவர் வரைக்கும் போயிருக்கு. பாவம், மனுஷன் ஸ்டியரிங்க ஒடிச்சிருக்கார். இந்தா பாரு, சக்கரம் இன்னும் திரும்பித்தான் நிக்குது. வண்டி கேக்கல."

அதற்கு என்ன அர்த்தம் என்று அடியில் கிடந்த கம்பிக்குத் தெரியும். ஏ.பி.எஸ். வேலை செய்திருந்தால் ரோட்டில் அப்படிக் கோடு விழாது. வண்டியும் கேட்டிருக்கும்.

நசுங்கிய தகரத்துக்கு உள்ளே கையை விட்டான். தகரம் கையைக் கீறியது. டார்ச்சைப் பல்லில் கடித்துக்கொண்டு தடவினான். டேப் அகப்பட்டது. பிரிந்து, வால் மாதிரி தொங்கிக்கொண்டிருந்தது. இரண்டு முனையும் ஒன்றையொன்று பார்க்காமல் ஆளுக்கொரு பக்கம் நின்றன.

அப்படியே மல்லாந்து கிடந்தான். பிறகு தனக்குத் தானே வக்கீலாகிப் பேச ஆரம்பித்தான். மோதின மோதலில் இன்ஜினே ஒரு சாண் பின்னால் நகர்ந்திருக்கிறது, நூல் மாதிரி ஒயர் அறுந்ததா அதிசயம்? இப்போது பிரிந்து கிடக்கிறது என்றால் நேற்றும் பிரிந்து கிடந்தது என்று யார் சொன்னது? கோடு விழ வேறு ஆயிரம் காரணம் இருக்கலாம், பழைய வண்டி. எல்லாவற்றுக்கும் மேலாக, முன்பே பிரிந்திருந்தால் விளக்கு எரிந்திருக்கும். விளக்கு எரிந்திருந்தால் அண்ணன் போன் பண்ணியிருப்பார். வைப்பர் கீச்சிட்டாலே போன் பண்ணுகிறவர் அவர். பண்ணவில்லை. ஆகவே எரியவில்லை. ஆகவே நேற்று மாலை வரை ஒயர் நன்றாகத்தான் இருந்திருக்கிறது.

கணக்கு சரியாக வந்தது. அப்பாடா என்று வெளியே ஊர்ந்து வந்தான். போன் அடித்தது, அத்தை.

"எங்கடா போய்த் தொலஞ்ச? வந்தவங்க எல்லாம் தம்பி எங்க தம்பி எங்கன்னு கேக்குறாங்க. கம்பி கம்பி நீட்டிட்டான்னு ஒருத்தன் ஜோக்கு வேற அடிக்கிறான், விளங்காதவன்."

"வந்துட்டேன் அத்த. கண்ணாடியத் தேடுறேன்."

டிரைவர் பக்கத்துக் கதவு திறக்க மறுத்தது. மறுபக்கக் கதவு வழியாக ஏறி, சீட்டில் சிதறியிருந்த கண்ணாடித் தூளை ஒதுக்கிவிட்டுக் குனிந்தான். பிரேக் மிதிக்குப் பின்னால் கிடந்தது மூக்குக் கண்ணாடி. ஒரு காது வளைந்திருந்ததே தவிர, அதிசயமாக வில்லை இரண்டும் முழுசாக இருந்தன. அதை எடுத்துக்கொண்டு நிமிரும்போது டேஷ்போர்டைப் பார்த்தான்.

அண்ணனுக்கு ஒரு பழக்கம் உண்டு. கையில் பட்டதற்கெல்லாம் லேபிள் ஒட்டுவார். மருந்துக் கவரில் காலை, இரவு, சாப்பிட்ட பின் என்று எழுதி ஒட்டுகிற அதே வெள்ளை லேபிள். வீட்டில் உப்பு டப்பாவில் "சர்க்கரை இல்லை" என்று ஒட்டியிருக்கும். ஓடாத ஃபேன் சுவிட்சில் "தம்பி வருவான்" என்று ஒட்டியிருக்கும்.

வேகம் காட்டும் முள்ளுக்குப் பக்கத்தில், மஞ்சள் விளக்கு இருக்கிற இடத்தை மறைத்து, விரல்நகம் அளவுக்கு வெட்டிய லேபிள் ஒன்று ஒட்டியிருந்தது. டாக்டர்களின் கோழிக் கிறுக்கலை எல்லாம் படிக்கிறவரின் குண்டு குண்டான கையெழுத்து.

தம்பி பாத்தாச்சு.

கம்பி அதை மூன்று முறை படித்தான். எரியாத விளக்கை யாரும் மறைக்க மாட்டார்கள். வக்கீல் வாயை மூடிக்கொண்டான்.

"கெடச்சுதாப்பா?" என்று வெளியிலிருந்து குரல் வந்தது.

"கெடச்சுதுண்ணே."

"அடியில என்னத்தப் பாத்த?"

லேபிளை நகத்தால் மெல்லக் கிளப்பிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான். "அடியில ஒண்ணும் இல்லண்ணே" என்றான்.

திரும்பும் வழியெல்லாம் இருபது அடிக்கு முன்பே பிரேக் பிடித்துப் பிடித்து ஓட்டினான். பின்னால் வந்தவர்கள் திட்டினார்கள். போலீஸ்காரர் நேற்றே "வேகம், கட்டுப்பாடு இழந்தது" என்று எழுதி முடித்துவிட்டார். கம்பி கம்பி எண்ணப்போவதில்லை. உலகத்தில் யாருக்கும் தெரியாது. தெரிந்தது பையில் இருக்கிற ஒரு துண்டுக் காகிதத்துக்கு மட்டும். தெருமுனைச் சாக்கடைப் பக்கம் வண்டியை நிறுத்தினான். பையில் விரலை விட்டான். லேபிளின் பசை விரலில் ஒட்டிக்கொண்டது, உதறினால் விழவில்லை. திரும்பப் பைக்குள்ளேயே வைத்துக்கொண்டு ஓட்டினான்.

வீட்டு வாசலில் செருப்புகள் குவிந்திருந்தன. ஹாலில் பெட்டி திறந்திருந்தது. மூடியைச் சுவரில் சாய்த்து வைத்திருந்தார்கள். பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அண்ணி யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தாள். ராத்திரி அழுதது போக, இப்போது பேச்சாக வந்துகொண்டிருந்தது.

"செவ்வாக்கெழம கடைக்குப் போறப்ப நானும் வண்டியில இருந்தேன். ஏங்க, மஞ்ச லைட்டு மறுபடி எரியுதே, தம்பிக்கு ஒரு போன் பண்ணுங்கன்னேன். 'அவன் பாத்தாச்சுன்னு சொல்லிட்டான், அதுக்கு மேல லைட்டுக்கு என்ன தெரியும்? லைட்டுதான் பொய் சொல்லுது'ன்னுட்டு, லேபிள எழுதி அது மூஞ்சியிலயே ஒட்டிட்டார்." ஈர மூக்கைத் துடைத்துக்கொண்டு லேசாகச் சிரித்தாள். "தம்பி சொன்னா அவருக்கு அவ்வளவுதான். வேதம்."

சுற்றியிருந்தவர்களும் சிரித்தார்கள். ஒருத்தி "கூடப் பொறந்தவங்கன்னா அப்படி இருக்கணும்" என்றாள். நிலைப்படியில் நின்றிருந்த கம்பி கையிலிருந்த கண்ணாடியை இறுக்கிப் பிடித்தான்.

அண்ணி நிமிர்ந்து அவனைப் பார்த்தாள். "கெடச்சுதா தம்பி?"

அவள் பக்கத்தில் மண்டியிட்டு உட்கார்ந்து கண்ணாடியைக் கொடுத்தான். கொடுத்துவிட்டு எழுந்திருக்கவில்லை.

"அண்ணி, அந்த ஒயர்…"

"எந்த ஒயரு?"

"லைட்டு எரிஞ்சுதே, அந்த ஒயர்."

"ஆமா, அதான் நீ பாத்தியே."

"பாத்தேன் அண்ணி. சரி பண்ணல." சொல்லிவிட்டான். மிச்சம் தானாக வந்தது. "சும்மா முறுக்கி டேப் சுத்தி விட்டேன். ஞாயித்துக்கெழம பண்ணலாம்னு இருந்தேன். பண்ணல. லைட்டு பொய் சொல்லல அண்ணி. நான்தான் சொன்னேன்."

சட்டைப் பையிலிருந்து லேபிளை எடுத்து அவள் உள்ளங்கையில் வைத்தான். பின்னால் அத்தை "டேய், இப்பப் போய் எதுக்குடா இதெல்லாம்" என்று பல்லைக் கடித்தாள். சமையலறையில் யாரோ குழாயை மூடுகிற சத்தம் ஹால் வரை கேட்டது.

அண்ணி லேபிளைப் பார்த்தாள். திருப்பிப் பின்பக்கத்தையும் பார்த்தாள், அங்கே ஏதோ எழுதியிருக்கிற மாதிரி. அவன் முகத்தைப் பார்க்கவில்லை. அவன் அவளுடைய வாயையே பார்த்துக்கொண்டிருந்தான். திட்டினால் தேவலை, ஒரு அறை அறைந்தால் இன்னும் தேவலை என்று இருந்தது. அவள் லேபிளை மடியில் வைத்துவிட்டு, கண்ணாடியின் வளைந்த காதை நிமிர்த்தினாள். இடது வில்லையில் அவனுடைய கட்டைவிரல், கிரீஸ் கறுப்பில், ரேகை ரேகையாகப் பதிந்திருந்தது. முந்தானை நுனியால் அதைத் துடைக்க ஆரம்பித்தாள்.

சவ வண்டிக்காரர் வாசலில் வந்து நின்று கைக்கடிகாரத்தைப் பார்த்தார். அவருடைய ஆள் ஒருவன் போய்ப் பெட்டியின் மூடியைச் சுவரிலிருந்து எடுத்தான்.

"மணி பன்னெண்டு ஆயிடுச்சுங்க. எல்லாரும் பாத்தாச்சா? மூடிடலாமா?"

ஹாலில் இருந்த அத்தனை பேரும் கம்பியைத் திரும்பிப் பார்த்தார்கள். இனிமேல் இந்த வீட்டில் இதற்கெல்லாம் பதில் சொல்ல வேண்டியவன் அவன்தானே. அவன் வாயைத் திறந்தான். அண்ணியின் மடியில் கிடந்த லேபிளைப் பார்த்தான்.

"தம்பி, உங்களத்தான் கேக்குறேன். பாத்தாச்சா?"

அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

"இருங்க" என்றாள் அண்ணி, தலையைத் தூக்காமல். "இன்னும் அழுக்குப் போகல."

கிரீஸின் கறுப்பு, வில்லை முழுவதும் இழுவிக்கொண்டு பரவியிருந்தது. அவள் அதன் மேல் வாயால் ஊதி, மறுபடியும் துடைத்தாள்.