ஒரு விரல் இளக்கம்

அல்லைப்பிட்டியைத் தாண்டி, இரண்டு பக்கமும் கடல் கிடக்கிற பண்ணைத் தாம்போதியில் ஏறியதும் மோட்டார் சைக்கிள் செயின் அறுந்தது. பின்சில்லு ஒரு தரம் இறுகி, பிறகு வெறுமனே உருண்டது. காலை ஊன்றி நிறுத்தினேன். பின்னால் இருந்தவள் என்ரை மனுசி ஞானசவுந்தரி. வீங்கின காலை மெல்ல இறக்கிப்போட்டு நேரத்தைப் பார்த்தாள். ஏழு பத்து. எட்டு மணிக்குப் பெரியாஸ்பத்திரியில் அவளுக்கு இரத்தம் சுத்திகரிக்கிற முறை. பிந்தினால் மெசினில் வேறு ஆளை ஏற்றிவிடுவார்கள். போன மாதம் ஒரு முறை தவறி, இரண்டு நாள் படுக்க ஏலாமல் குந்தியிருந்தே மூச்சு இழுத்தாள்.

செயினை இறுக்கினது நான். சரவணையில் கராச் வைத்திருக்கிற றஜீபன் போன கிழமை புதுச் செயின் போட்டுத் தந்தான். வீட்டுக்கு வந்து விரலால் தட்டினால் தொளதொளவென்று ஆடுகிறது. நான் திரும்பவும் வரவேண்டும் என்றுதான் இப்படி விட்டிருக்கிறான் என்று நினைத்தேன். நாற்பது வருசம் கடலில் நின்றவன். நங்கூரக் கயிறோ வலைக் கயிறோ, தொய்ந்து கிடந்தால் எனக்குப் பிடிக்காது. நேற்றுக் கரம்பொனில் எங்கடை வீட்டு முற்றத்தில் ஸ்டாண்டில் ஏற்றி வைத்து, விரல் வைத்தாலும் அசையாதபடி இழுத்து முறுக்கினேன்.

றஜீபனுக்குப் போனில் கோல் எடுத்தேன். ஏசத்தான் எடுத்தேன்.

"நீர் போட்ட செயின் அறுந்துபோச்சு."

"ஸ்டாண்டில வச்சு இறுக்கினனீங்களோ?"

தெருவில் கிடந்த செயினைக் குனிந்து எடுத்தேன்.

"அண்ணை, ரெண்டு பேர் ஏறி இருந்தால் சில்லு மேல எழும்பும், செயின் தானா இறுகும். அதுக்குத்தான் ஒரு விரல் இளக்கம் விட்டனான். சொன்னனான்தானே?"

சொன்னவன்தான். கள்ளன் கதைக்கிறான் என்று நினைத்துக்கொண்டு நின்றவன் நான்.

"நான்தான் இறுக்கினனான்," என்றேன். "அக்கா நடுத்தெருவில நிக்கிறா, தம்பி."

"அவவைப் பஸ்ஸில ஏத்திவிடுங்கோ. நான் செயினோட வாறன்."

ஊர்காவற்றுறையிலிருந்து டவுனுக்குப் போகிற பஸ் நிறைந்து வந்தது.

"என்ன ஐயா, கப்பல் தரை தட்டிட்டுதோ?" கொண்டக்டர் வாசலில் தொங்கியபடி சிரித்தான்.

"பகிடியை விடும். இவவை ஆஸ்பத்திரி வாசலில இறக்கவேணும். வாசலில."

"இஞ்சாருங்கோ, எனக்கு வழி தெரியும்," என்றாள் ஞானசவுந்தரி.

"நீர் பேசாமல் ஏறும்."

நானும் ஏறியிருக்கலாம். ஆனால் மெசினிலிருந்து இறங்கினால் அவளுக்குப் பஸ்ஸில் நிற்க ஏலாது. கூட்டிவர மோட்டார் சைக்கிள் வேண்டும். மூன்று வருசமாக அவளை ஒருத்தர் கையிலும் விட்டவனில்லை.

முன்பின் தெரியாத ஒரு பெண் உள்ளேயிருந்து கை நீட்டினாள். ஞானசவுந்தரி அதைப் பிடித்து ஏறினாள். பஸ் வெளிக்கிட்டது. பின் கண்ணாடியில், நிற்கிற தலைகளுக்குள் அவளின் நரைத்த தலை ஒருதரம் தெரிந்து, சட்டென்று கீழே போனது. யாரோ எழும்பி இடம் விட்டிருக்க வேண்டும். பஸ் சிறுத்துச் சிறுத்துக் கடலுக்கு நடுவே போய்க்கொண்டிருந்தது. நிற்கவில்லை.